என் திருமணத்தில் தம்பிதான் தோழன்: ஊரார் அவனை ஆணாகப் பார்ப்பது ஏன் இவ்வளவு முக்கியம்?

தை மணமகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறேன். வருகிற தை மாதம் எனக்குத் திருமணம். மண்டபம் பம்பலப்பிட்டியில். ஐயர், மேளம், சாப்பாடு எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. முடிவாகாமல் நிற்பது மாப்பிள்ளைத் தோழன் யார் என்பது மட்டும்தான்.

எனக்கு உடன்பிறந்தவன் ஒருவன். என்னைவிட ஐந்து வயது இளையவன். பிறந்தபோது பெண் பிள்ளை என்று பதிந்தார்கள். படித்ததும் பெண்கள் பாடசாலையில். பள்ளிப்படிப்பு முடிந்த பிறகு, தான் ஆண் என்று எங்களிடம் சொன்னான். அப்பா இல்லை. அம்மாவும் நானும் அழுது, சண்டை பிடித்து, கடைசியில் அவன் பக்கம் வந்து சேர்ந்தோம். இப்போது மனநல மருத்துவரைப் பார்த்து, ஓமோன் சிகிச்சையும் பெற்று வருகிறான். குரல் தடித்துவிட்டது. மீசை அரும்புகிறது. வீட்டில் எல்லோரும் புதிய பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். அம்மா மட்டும் சின்ன வயதுச் செல்லப் பெயரான 'ராணி'யை இன்னும் விடவில்லை. வீட்டிலும் சந்தையிலும் அதுதான் வாயில் வருகிறது. பாசத்தில் வருவது, அவனும் ஒன்றும் சொல்வதில்லை.

எங்கள் வழக்கத்தில் பெண்ணின் சகோதரன்தான் தோழன் என்பது உங்களுக்குத் தெரியும். மண்டப வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி வரவேற்க வேண்டும். அவர் அணிவிக்கும் மோதிரத்தை வாங்கிக்கொண்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வர வேண்டும். பொரியிடும்போது என் கையில் பொரியை அள்ளிப் போடவும் சகோதரன் வேண்டும். என் திருமணப் பேச்சுத் தொடங்கிய நாளிலிருந்தே தம்பி இதற்காகக் காத்திருக்கிறான்.

பெரிய மாமா தன் மகனைத் தோழனாக நிறுத்தலாம் என்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்தும் கனடாவிலிருந்தும் வரும் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் தம்பியைப் பாடசாலைச் சீருடையில், இரட்டைப் பின்னலோடு பார்த்தவர்கள். அம்மா சொல்கிறார்: "வீட்டில் அவன் என் மகன். எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அதை மேடையில் ஏற்றித்தான் காட்ட வேண்டுமா? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை."

மாப்பிள்ளைக்கு இதில் ஆட்சேபணை எதுவும் இல்லை. எனக்கும் தம்பி நிற்பதுதான் விருப்பம். ஆனால் அம்மா கேட்டது மனதில் தங்கிவிட்டது. பஸ்ஸில் நடத்துனர் "மல்லி, முன்னால் போங்கள்" என்று, சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்டுச் சொல்லிவிட்டால் அன்றைக்கு அவன் வீட்டுக்குப் பாடிக்கொண்டு வருகிறான். மருந்துக் கடையில் யாராவது 'மிஸ்' என்று சொல்லிவிட்டால் அறைக்கதவு மூடிக்கொள்கிறது, சாப்பாடும் இறங்குவதில்லை. தான் யாரென்று அவனுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. பிறகு ஏன் முன்பின் தெரியாத ஒரு நடத்துனரின் வாய்ச்சொல் இவ்வளவு பெரிதாகிறது? பெற்ற தாயும் கூடப் பிறந்த நானும் ஏற்றுக்கொண்டது ஏன் போதவில்லை? இதை வாழ்ந்து பார்த்தவர்கள் சொன்னால் அம்மாவுக்கு எடுத்துச் சொல்லலாம்.

கொட்டாஞ்சேனைக்காரன் எழுதியது:

அக்கா, நானும் உங்கள் தம்பியைப் போல ஒரு திருநம்பி. புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். மனதைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். நான் காகிதத்தைப் பற்றி எழுதுகிறேன்.

நம் இலங்கை அடையாள அட்டை எண்ணை எடுத்துப் பாருங்கள். பிறந்த ஆண்டுக்கு அடுத்து வரும் மூன்று இலக்கங்கள், அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் பிறந்தோம் என்பதைச் சொல்பவை. பெண் என்றால் அதனுடன் 500 சேர்த்துவிடுவார்கள். மார்ச் 15-இல் பிறந்த ஆணுக்கு 075, பெண்ணுக்கு 575. அட்டையில் இருக்கும் படத்தைப் பார்க்கவே தேவையில்லை. எண்ணை வாசித்துப் பழகிய ஒருவர் அதைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பார். அந்த நிமிர்ந்து பார்ப்பதில்தான் எல்லாம் தொடங்கும். "இது உங்களுடைய அட்டையா?" என்று கேட்பார். பிறகு மேலதிகாரியைக் கூப்பிடுவார். பின்னால் நிற்கும் வரிசை முழுவதும் காதைத் தீட்டிக்கொள்ளும்.

2016-இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றுநிருபத்துக்குப் பிறகு இதற்கு ஒரு வழி இருக்கிறது. மனநல மருத்துவ நிபுணர் பாலின அங்கீகாரச் சான்றிதழ் கொடுப்பார். அதை வைத்து முதலில் பிறப்புச் சான்றிதழைத் திருத்த வேண்டும், அதன் பிறகு அடையாள அட்டை. தம்பி இன்னும் அதைத் தொடங்கவில்லையென்றால் மருத்துவரிடம் இப்போதே கேட்கச் சொல்லுங்கள். எனக்குப் புதிய எண் வந்தது. வந்த பிறகு வங்கிக் கணக்கும் ஊழியர் சேமலாப நிதியும் பழைய எண்ணிலேயே கிடந்தன, ஒவ்வொன்றாக மாற்ற அலைந்தேன். இவை எல்லாம் முடிந்த பிறகும் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ஒரு வரி இருக்கும்: படித்த பாடசாலை. மகளிர் கல்லூரி. மீசையோடு போய் உட்கார்ந்திருக்கிறேன், எதிரில் இருப்பவர் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆணாகப் பார்க்கப்படுவதிலும் ஒரு விலை இருக்கிறது. கோயிலுக்குப் போனால் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். நான் மார்பு அறுவைச் சிகிச்சை இன்னும் செய்துகொள்ளவில்லை. முன்பு சன்னிதி வரை போய்க் கும்பிட்டவன், இப்போது வெளியே நின்று கும்பிட்டுவிட்டு வருகிறேன். ஐயர் என்னைத் தடுக்கவில்லை. "தம்பி, சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள்" என்று அன்பாகத்தான் கூப்பிட்டார். 'தம்பி' என்றது எவ்வளவு இனித்ததோ, அடுத்த சொல் அவ்வளவு கசந்தது. உங்கள் மண்டபம் கோயிலோடு சேர்ந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அக்கா. மாப்பிள்ளை அழைப்பு கோயிலிலிருந்து தொடங்குகிறது என்றால் தோழனும் உள்ளே போக வேண்டி வரும். இதை ஐயரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

'ராணி' பற்றி: என் அம்மா இப்போது என்னைக் 'குஞ்சு' என்று கூப்பிடுகிறார். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இரண்டுக்கும் அது பொருந்தும். பாசமும் குறையவில்லை.

தையல்நாயகி எழுதியது:

தங்கச்சி, முதலில் வாழ்த்துகள். நானும் வெள்ளவத்தையில்தான் இருக்கிறேன். சாறிச் சட்டை தைக்கும் ஒரு சிறிய கடை வைத்திருக்கிறேன். திருநங்கை. ஐம்பதைத் தாண்டிவிட்டேன். "எங்களுக்குத் தெரிந்தால் போதாதா" என்ற கேள்வியை என் வீட்டிலும் கேட்டார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தையல் கடைக்கு வரும் பெண் இரண்டு விதமாக அளவு தரலாம். வீட்டிலிருந்து பழைய சட்டை ஒன்றைக் கொண்டு வந்து "இதைப் போலத் தையுங்கள்" என்று மேசையில் வைக்கலாம். அல்லது எதிரில் நின்று அளவு எடுக்கச் சொல்லலாம். நான் கடை திறந்த காலத்தில் எல்லோரும் பழைய சட்டையைத்தான் கொண்டு வந்தார்கள். நன்றாகத் தைக்கிறேன் என்று பெயர் வந்துவிட்டது, அக்கம்பக்கத்தில் மரியாதையும் இருந்தது, தீபாவளிக்குப் பலகாரமும் வரும். ஆனாலும் என் அளவுநாடா கழுத்தில் தொங்கியபடியே இருந்தது. பழைய சட்டை இல்லாதவர்கள் தங்கள் மகளையோ அக்காவையோ கூட்டி வந்து, அவர்களை அளக்கச் சொல்லி, எண்ணை மட்டும் என்னிடம் சொல்வார்கள். ஒருவரும் கெட்ட மனதோடு அப்படிச் செய்யவில்லை. என்னை அவர்கள் எப்படிப் பார்த்தார்களோ அப்படி நடந்துகொண்டார்கள்.

பிறகு ஒரு மாலை, மழை வரும்போல இருண்ட நேரம், முன்பின் தெரியாத ஓர் அம்மா வந்தார். மகளுக்குச் சாமத்தியச் சடங்கு, தனக்குச் சட்டை அவசரமாக வேண்டும் என்றார். கைப்பையை வெட்டும் மேசையில் வைத்தார். முந்தானையை எடுத்துத் தோளுக்குப் பின்னால் போட்டார். இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, "கெதியாக எடுங்கள் அக்கா, மழைக்கு முன்னம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்" என்றார். நான் நாடாவைச் சுற்றிப் பிடித்தேன். அக்குளில் வியர்வையும் பவுடரும் சேர்ந்து கோடாகப் படிந்திருந்தது. புறக்கோட்டையில் உள்துணி என்ன விலை விற்கிறார்கள் என்று என் தலைக்கு மேலாகப் பேசிக்கொண்டே இருந்தார். என் விரல் பட்ட இடத்தில் அவருடைய உடம்பு கொஞ்சமும் இறுகவில்லை. மார்பு முப்பத்தாறு, இடை முப்பத்திரண்டு என்று எழுதினேன், கை நடுங்கியதில் எழுத்துக் கோணிவிட்டது.

அந்த அம்மா எனக்கு எந்தத் தயவும் செய்யவில்லை. என்னை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று அவர் தீர்மானிக்கவும் இல்லை. எதிரில் ஒரு பெண் நிற்கிறாள், அளவு கொடுக்கிறோம், அவ்வளவுதான் அவர் மனதில் இருந்தது. என் அக்காவின் அன்பு இதைவிட எவ்வளவோ பெரியது. எனக்காக ஊரோடு பேச்சு வாங்கியவர் அவர். ஆனால் அக்கா என்னைத் 'தங்கச்சி' என்று கூப்பிடும் ஒவ்வொரு முறையும் பழைய தம்பியைத் தாண்டித்தான் என்னிடம் வர வேண்டியிருந்தது. அந்தத் தாண்டல் எனக்குத் தெரியும். உங்கள் தம்பிக்கும் தெரியும். நீங்களும் அம்மாவும் அவரை நேசிக்கிறீர்கள், அதனால் அவர் எதைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்வீர்கள். நடத்துனருக்கு அப்படி ஒரு கடமையும் இல்லை. கண்ணில் பட்டதை அவர் சொல்கிறார். 'மல்லி' என்று அவர் கூப்பிடும்போது, இது தன் வீட்டாரின் பாசம் மட்டும் இல்லை, உலகத்திலும் தான் இப்படித்தான் இருக்கிறேன் என்று பிள்ளைக்கு உறுதியாகிறது. அவர் பாடிக்கொண்டு வருவதற்குக் காரணம் அதுதான்.

இது எல்லோருக்கும் ஒரேபோல அமைவதும் இல்லை. டெஸ்டோஸ்டெரோன் எடுத்தால் குரல்நாண் தடிக்கும், குரல் இறங்கும், பிறகு பழைய குரல் திரும்பாது. முகத்தில் ரோமமும் வரும். அதனால் திருநம்பிகள் பலர் சில ஆண்டுகளில் கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்துவிடுகிறார்கள். எங்களைப் போன்றவர்கள் எடுக்கும் ஈஸ்ட்ரோஜன் ஒருமுறை தடித்த குரலை ஏற்றித் தராது. பயிற்சியால்தான் மாற்ற வேண்டும். கடைத் தொலைபேசியில் இன்றைக்கும் யாராவது என்னை 'ஐயா' என்று கூப்பிடுவதுண்டு. மறுமுனையில் இருப்பவருக்கு என் முகம் தெரியாது, கோபிக்கவும் முடியாது. ஆனால் அந்த அழைப்பு முடிந்த பிறகு கத்திரிக்கோலை எடுக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

பார்வைக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. போர்க்காலக் கொழும்பில் தமிழராக இருந்த எவருக்கும் சோதனைச்சாவடியை விளக்க வேண்டியதில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கு, அட்டையை எடு, ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை, பெண்களைத் தடவிப் பார்க்கத் திரைக்குப் பின்னால் ஒரு பெண் பொலிஸ். நான் எந்த வரிசையில் நிற்பது? அட்டையில் ஆண், உடம்பில் சேலை. தமிழ்ப் பெயர் வேறு. 'ஆள்மாறாட்டத்தால் ஏமாற்றுதல்' என்று தண்டனைச் சட்டக்கோவையில் 399-ஆம் பிரிவு இருக்கிறது. அலைந்து திரிவோரைப் பிடிக்க 1841-ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டமும் இருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் மீது இரண்டையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். தெருவில் என்னைப் பார்க்கிறவர் ஒரு பெண் என்று நினைத்துக் கடந்து போய்விட்டால், அன்றைக்கு நான் பத்திரமாக வீடு வந்து சேர்வேன். இதை அலங்கார ஆசை என்று யாராவது சொன்னால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும்.

இப்போது உங்கள் அம்மாவுக்கு. அம்மா, உங்கள் மகளும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள், அது அவர்களுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். பிறகு எதற்கு மண்டபம்? பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கலாமே. ஆனால் ஊர் கூடி, மேளம் கொட்டி, நாலு பேர் பார்க்க உங்கள் மகள் கழுத்தில் தாலி ஏற வேண்டும் என்று நீங்கள் விரும்புகிறீர்கள். ஏனென்றால் மனைவி, மருமகள் என்பவை மனதுக்குள் மட்டும் வைத்திருக்கக்கூடிய உறவுகள் இல்லை. நாலு பேர் அறிந்து, அப்படியே கூப்பிட்டு, அந்த இடத்தில் உட்கார வைத்தால்தான் அவை நிலைக்கும். சகோதரன் என்பதும் அப்படித்தான். தோழன் வீட்டுக்குள் இருந்துகொண்டு ஆகக்கூடிய ஒன்றில்லை. உங்கள் மகளுக்கு என்ன வேண்டும் என்று கடன் வாங்கியாவது மண்டபம் பிடித்தீர்களோ, அதையேதான் உங்கள் மகனும் கேட்கிறார்.

தங்கச்சி, உங்களுக்கும் ஒன்று. நீங்கள் வீடு வேறு, வெளி வேறு என்று எழுதியிருக்கிறீர்கள். வெளியில் அவரை யார் எப்படிப் பார்ப்பது என்பதைப் பல நேரம் வீடுதான் தீர்மானிக்கிறது. மீசை அரும்பிய ஓர் இளைஞன் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கிறான். கடைக்காரர் 'தம்பி' என்கிறார். அந்த நேரம் பின்னாலிருந்து "ராணி, அங்கே வெண்டிக்காய் இருக்கிறதா பார்" என்று ஒரு குரல். கடைக்காரர் திரும்பி ஒருமுறை பார்த்தால் போதும், அந்தக் கடைக்கு அவர் இனிப் போக மாட்டார். அம்மாவை விட்டால் இதை மாற்றக்கூடியவர் வேறு யாரும் இல்லை. "ஆண் மாதிரியே இருக்கிறாய்" என்று யாராவது அவரைப் புகழ வந்தால் அதையும் தடுத்துவிடுங்கள். அந்த 'மாதிரி' உள்ளே போய்க் குத்தும்.

தெஹிவளை வாசகர் எழுதியது:

தையல்நாயகி எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். அளவுநாடாப் பகுதியில் கண் கலங்கியது. ஆனாலும் எனக்கு வேறு கருத்து உண்டு, அதையும் அந்தப் பிள்ளை கேட்க வேண்டும்.

நான் ஓய்வுபெற்ற பிறகுதான் பெண்ணாக வாழத் தொடங்கினேன். உயரமான உடம்பு, அகன்ற தோள், வகுப்பறைகளில் கத்திப் பழகிய குரல். காலி வீதியில் நான் நடந்தால் பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் சேலை கட்டிய ஓர் ஆண் போகிறார் என்றுதான் நினைப்பார்கள். எந்த மருந்தும் இனி அதை மாற்றப் போவதில்லை. அந்நியர் கண்தான் எனக்குச் சாட்சி என்றால் நான் தோற்றுப்போனவள். நான் தோற்கவில்லை. பழைய மாணவிகள் வந்து 'ரீச்சர்' என்கிறார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் 'அம்மம்மா' என்கிறார்கள். அவர்களுக்கு என் கதை முழுவதும் தெரியும். தெரிந்துகொண்டே கூப்பிடுகிறார்கள். தெரியாமல் கிடைக்கும் மரியாதையைவிடத் தெரிந்து கிடைக்கும் மரியாதை எனக்குப் பெரியது.

2020 ஏப்ரலில் கொரோனாவுக்காகப் பனாமா நாட்டில் ஆண்களும் பெண்களும் வெவ்வேறு நாளில் வெளியே வரலாம் என்று சட்டம் போட்டார்கள். பெண்களுக்குத் திங்கள், புதன், வெள்ளி. ஆண்களுக்குச் செவ்வாய், வியாழன், சனி. அங்கே திருநர் பலர் எந்த நாளில் வெளியே வந்தாலும் பொலிசாரிடம் மாட்டிக்கொண்டார்கள். அதே ஆண்டு இங்கே ஊரடங்கில் அடையாள அட்டையின் கடைசி இலக்கத்தை வைத்து நாள் பிரித்தார்கள். என் இலக்கத்துக்கு உரிய நாளில் பையை எடுத்துக்கொண்டு போனேன், அரிசி வாங்கினேன், வந்தேன். என்னைப் பார்த்து என்ன நினைத்தாலும் வழிவிட வேண்டியிருந்தது. எனக்கு வேண்டியது அந்த வகையான உலகம். சரியாகப் பார்க்கப்படுகிறவர்களுக்கு மட்டும் வழி திறக்கும் உலகத்தில் என்னைப் போன்றவர்கள் வெளியே நிற்க வேண்டி வரும்.

தம்பி தோழனாக நிற்கட்டும், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அன்றைக்கு யாராவது ஒரு பெரியம்மா பழைய பெயரைச் சொல்லிவிட்டால் அத்தோடு எல்லாம் போயிற்று என்று அவர் உடையக்கூடாது. அந்தப் பலத்தையும் பிள்ளைக்குக் கொடுங்கள்.

தை மணமகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு அம்மாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். மண்டபம், பதிவாளர் என்ற இடம் வந்ததும் "இன்னொரு தரம் வாசி" என்றார். பிறகு நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. காலையில் பெரிய மாமாவுக்குத் தொலைபேசியில் அவரே சொல்லிவிட்டார், தோழன் தன் மகன்தான் என்று. மாமா இதை மனநோய் என்றும், நோயாளியை மணவறையில் ஏற்றக்கூடாது என்றும் சொன்னாராம். அம்மா அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் வைத்துவிட்டார்.

தம்பிக்கு இப்போது வேறு கவலை. தோழனுக்குப் பட்டு வேட்டியும் மெல்லிய பட்டுச் சட்டையும் தலைப்பாகையும் என்று மாப்பிள்ளை வீட்டில் முடிவு செய்திருக்கிறார்கள். மார்பு தெரியுமோ என்று பயப்படுகிறான். கால் கழுவக் குனியும்போது நூறு கைத்தொலைபேசிகள் படம் பிடிக்கும்.

கொட்டாஞ்சேனைக்காரன் எழுதியது:

மாமாவுக்கு: உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் இது மனநோய்ப் பிரிவிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. 2022-இலிருந்து அதுதான் நடைமுறை. மனநல மருத்துவர் சான்றிதழ் தருகிறார் என்பதால் நோய் என்று எண்ண வேண்டாம் என்று சொல்லுங்கள், அக்கா.

தையல்நாயகி எழுதியது:

தெஹிவளை அக்கா, நீங்கள் சொன்ன உலகம் எனக்கும் வேண்டும். ஆனால் அது வரும்வரை பிள்ளைகள் இந்தப் பஸ்ஸில்தான் ஏற வேண்டும், இந்தச் சந்தைக்குத்தான் போக வேண்டும். எனக்கு அந்த மாலை நடந்தது தேவையாக இருந்தது. உங்களுக்குத் தேவைப்படவில்லை என்பது உங்கள் மன உரம். எல்லோரிடமும் அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. பெரியம்மா பற்றி நீங்கள் எழுதியதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

தங்கச்சி, சட்டை விஷயம் என்னிடம் விடுங்கள். மாப்பிள்ளை வீட்டார் சொன்ன நிறத்திலேயே இருக்கட்டும், துணியை மட்டும் மாற்றுங்கள். மெல்லிய பட்டு உடம்போடு ஒட்டும், மின்விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு மடிப்பும் தெரியும். கொஞ்சம் தடித்த, சொரசொரப்பான பட்டாக எடுங்கள். கைசர் வீதியில் கிடைக்கும். நான் முன்பக்கம் முழுவதும் உள்துணி கொடுத்து, தோள் தையலை அரை அங்குலம் வெளியே தள்ளி வைப்பேன். தோள் அகன்று தெரிந்தால் கண் மார்புக்குப் போகாது. பொத்தான் பட்டியைத் தடிப்பாக வைத்தால் குனியும்போதும் முன்பக்கம் பிரியாது. சால்வையை இடது தோளிலிருந்து குறுக்காகப் போட்டு, உள்ளே ஓர் ஊசி குத்திவிடலாம்.

மார்பை இறுக்கத் துணிக்கட்டோ எலாஸ்டிக் பேண்டேஜோ சுற்ற வேண்டாம். மூச்சு முட்டும், விலா எலும்புக்குக் கேடு. அதற்கென்றே தைத்த உள்ளாடை இருக்கிறது, அதையும் எட்டு மணி நேரத்துக்கு மேல் போடக்கூடாது. விடியற்காலையில் தொடங்கி மாலை வரவேற்பு வரை ஒரே மூச்சாகப் போட்டுக்கொண்டிருப்பார், அதனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கழற்றி இளைப்பாற மண்டபத்தில் பூட்டுப் போடக்கூடிய ஓர் அறையைக் கேட்டு வையுங்கள். மார்கழி முழுவதும் எனக்கு வேலை நெருக்கடி. கார்த்திகை முடிவதற்குள் அவரைக் கடைக்கு அனுப்புங்கள், முகவரியைத் தனிமடலில் தருகிறேன். அன்றைக்குப் போடப்போகும் உள்ளாடையையே அணிந்துகொண்டு வரச் சொல்லுங்கள். அளவை அதன் மேல்தான் எடுக்க வேண்டும்.